கால் ஆஞ்சியோவுக்கு முன் அசிட்ரோமை எத்தனை நாள் நிறுத்துவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாசிப்பவர்களுக்கும் புரியட்டும். அப்பாவுக்கு 69 வயது. பல வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக நான்கு வருடமாக இரவில் அசிட்ரோம் 2 மி.கி., காலையில் ஈகோஸ்பிரின் 75 (ஆஸ்பிரின்தான்). இப்போது இடது கால் பெருவிரலில் ஆறாத புண். டாப்ளர் ஸ்கேனில் தொடை ரத்தக்குழாயில் அடைப்பு தெரிகிறது. வருகிற வியாழக்கிழமை தொடை வழியாக ஆஞ்சியோ, முடிந்தால் அப்போதே பலூன். மருத்துவமனையிலிருந்து போனில், "பிளட் தின்னர் எல்லாத்தையும் அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க" என்றார்கள். இதய மருத்துவரோ, "என்னைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இடையில் வயிற்றில் ஊசி போட வேண்டுமா? கீரை சாப்பிடலாமா?

இப்போதைக்கு இதய மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். போனில் வந்த அந்த ஒரு வரியில் இரண்டு தப்பு இருக்கிறது. "எல்லாத்தையும்" என்பது ஒன்று, "அஞ்சு நாள்" என்பது இன்னொன்று. சொன்னவரைக் குறை சொல்லவில்லை. நீளமான பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகப் போன் போடுகிறவர் வாயில் பொது விதிதான் வரும். நான் மயக்க மருந்து மருத்துவர். ரத்தக்குழாய் அறுவைப் பிரிவோடு பல வருடம் வேலை செய்கிறேன். எந்த மாத்திரை இருக்கட்டும், எது நிற்கட்டும் என்று எழுதிக்கொடுப்பது என் அன்றாட வேலையில் ஒன்று. ஆனாலும் அப்பாவையோ ரிப்போர்ட்டையோ பார்க்காமல் எழுதும் இதை உத்தரவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வியாழனுக்கு முன் அந்த இரண்டு மருத்துவர்களிடமும் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "எல்லாத்தையும்". ரத்தத்தைத் தண்ணியாக்கும் மாத்திரை என்று பொதுவாகச் சொல்கிறோம். எந்த மாத்திரையும் அப்படிச் செய்வதில்லை. அப்பாவின் ரத்தமும் உங்கள் ரத்தமும் ஒரே கெட்டிதான், அவருக்கு உறைய நேரமாகும், அவ்வளவே. அந்தத் தாமதத்தை உண்டாக்க இரண்டு வழி. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுக்கின்றன. கொழுப்பு படிந்து கரடுமுரடான தமனிச் சுவரில் உருவாகும் ரத்தக்கட்டிக்குத் தட்டணுக்கள்தான் அஸ்திவாரம். அசிட்ரோமின் வேலை வேறு. கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துச் செய்யும் உறைபொருட்களை அது குறைக்கிறது. அப்பாவின் இதயத்தில் மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்குகிறது. அங்கே ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த துண்டு கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் அசிட்ரோம். ஆக, ஒரு மாத்திரை கால் குழாய்க்கு, இன்னொன்று மூளைக்குக் காவல்.

பலூன் என்ன செய்கிறது என்று பாருங்கள். அடைப்பு இருக்கும் இடத்தில் வைத்து ஊதும்போது குழாயின் உட்சுவர் மென்மையாக விரிவதில்லை, அங்கங்கே கிழிந்துதான் விரிகிறது. கிழிந்த இடம் தட்டணுக்களுக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி. அந்த நேரத்தில் ஆஸ்பிரின் உடம்பில் இருந்தே ஆக வேண்டும். திறந்த குழாய் அன்றைக்கே மூடிக்கொள்ளாமல் பார்ப்பதில் அதற்குப் பங்கு உண்டு. இதற்காகவே சில மருத்துவர்கள் பலூனுக்கு முன் குளோபிடோக்ரெல்லும் சேர்த்துக் கொடுப்பார்கள். எனவே ரத்தக்குழாய் சிகிச்சை என்றால் ஈகோஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்துவதே இல்லை. கழுத்துத் தமனி அறுவையிலும், காலில் பைபாஸிலும்கூட அப்படித்தான். "எல்லாத்தையும் நிறுத்துங்க" என்று சொன்னவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னார்களா என்று தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் "இல்லை இல்லை, ஈகோஸ்பிரின் போடட்டும்" என்றுதான் பதில் வரும்.

அதிலும் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. "காலையில வெறும் வயித்துல வாங்க" என்பார்கள். வீட்டில் அதைக் கேட்டு ஈகோஸ்பிரினையும் பிரஷர் மாத்திரையையும் சேர்த்தே விட்டுவிடுவார்கள். ஒரு வாய் தண்ணீரில் மாத்திரை போடுவது பட்டினியைக் கெடுக்காது. சர்க்கரை மாத்திரை கதை வேறு, சாப்பிடாமல் அதைப் போடக் கூடாது. மெட்ஃபார்மின் எடுக்கிறார் என்றால், ஆஞ்சியோ சாயம் சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும் என்பதால், கிரியாட்டினினைப் பார்த்து எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று அவர்களே சொல்வார்கள். சொல்லாவிட்டால் கேளுங்கள்.

அடுத்து "அஞ்சு நாள்". இது வார்ஃபரினுக்கான கணக்கு. வார்ஃபரின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 36 முதல் 42 மணி நேரம் எடுக்கும். அதனால் ஐந்து நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கிறது. அசிட்ரோம் அதே குடும்பம்தான், ஆனால் ஆயுள் குறைவு. 8 முதல் 11 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அசினோகூமரால் என்றோ நிக்குமலோன் என்றோ இருக்கும், இரண்டும் ஒன்றே. அமெரிக்காவில் இந்த மருந்து விற்பனையிலேயே இல்லை. அங்கே எழுதிய பாடப்புத்தகத்தைப் படித்துவிட்டு வருகிற நமக்கு ஐந்து என்ற எண் மனதில் ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்க மார்பு மருத்துவர்கள் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியே வார்ஃபரினுக்கு 5 நாள் என்றும், அசினோகூமராலுக்கு 2 முதல் 3 நாள் என்றும் பிரித்துத்தான் சொல்கிறது. அசிட்ரோமை ஐந்து நாள் நிறுத்தினால், கடைசி இரண்டு நாள் எந்தப் பயனும் இல்லாமல் மூளைக்கு இருந்த காவலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அர்த்தம்.

வியாழக்கிழமை காலை ஆஞ்சியோ, அப்பா இரவில் மாத்திரை போடுகிறவர் என்றால், வழக்கமான ஏற்பாடு ஏறக்குறைய இப்படி இருக்கும். ஞாயிறு இரவு கடைசி மாத்திரை. திங்கள், செவ்வாய், புதன் இரவுகளில் இல்லை. புதன்கிழமை பி.டி. ஐ.என்.ஆர். சோதனை, அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை. சில மருத்துவர்கள் திங்கள் இரவு வரை போட்டுவிட்டு இரண்டு இரவு மட்டும் விடுவார்கள். ஐ.என்.ஆர். சாதாரணமாக 1 இருக்கும், அப்பாவுக்கு 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருப்பார்கள். தொடை வழியாகத் தமனியில் குழாய் விடுவதற்கு 1.8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் போதும் என்று இடையீட்டுக் கதிரியல் மருத்துவர்களின், அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்தபடி குழாய் விட்டுச் சிகிச்சை செய்பவர்களின், 2019 வழிகாட்டி சொல்கிறது. மணிக்கட்டு வழி என்றால் 2.2 வரை போகலாம். மணிக்கட்டில் குழாய்க்குக் கீழே எலும்பு இருக்கிறது, அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். தொடையில் அப்படி எளிதாகப் பிடிபடாது, ரத்தம் உள்பக்கமாக இறங்கினால் வெளியே தெரியாது. அதனால்தான் தொடைக்கு இவ்வளவு பயம்.

புதன்கிழமைச் சோதனையைத் தவிர்க்கவே வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. காலில் புண் என்கிறீர்கள். அதற்கு ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருக்கும். அதில் மெட்ரோனிடசோல் இருந்தால், அல்லது கோட்ரைமோக்சசோல் இருந்தால், அசிட்ரோமின் வேகம் கூடி ஐ.என்.ஆர். ஏறிவிடும். நான்கு வருடமாக 2.4இல் நின்றவர் ஒரு வாரத்தில் 5க்குப் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவருக்கு மூன்று இரவு விட்டாலும் போதாது. மருத்துவர்கள் கொஞ்சம் வைட்டமின் கே கொடுத்தோ, ஒரு நாள் தள்ளிவைத்தோ சமாளிப்பார்கள். புண்ணுக்கு மருந்து கொடுத்தவர் அசிட்ரோம் பற்றிக் கேட்டிருக்க மாட்டார், அசிட்ரோம் கொடுத்தவருக்குப் புண் பற்றித் தெரிந்திருக்காது. இந்த இரண்டு சீட்டையும் ஒரே மேசையில் வைக்க வேண்டியது வீட்டு மனிதர்கள்தான். நியாயமா என்றால் நியாயமில்லை. ஆனால் நடப்பு அப்படித்தான் இருக்கிறது.

மேசை என்றதும் மஞ்சள் பை ஞாபகம் வருகிறது. என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மாத்திரைகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். மேசையில் கவிழ்த்தால், பாதியாக வெட்டிய அட்டைகள். மெடிக்கல் கடையில் பத்து மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுத்ததில் பெயர் எழுதிய பாதி கடையிலேயே தங்கிவிட்டிருக்கும். "இந்த ரோஸ் மாத்திரை ரத்தத்துக்கு, இந்த மஞ்சள் கேப்சூல் கொழுப்புக்கு" என்று அம்மா விளக்குவார். அந்தக் கேப்சூல்தான் வில்லங்கம். நம் ஊரில் கூட்டு மாத்திரைகள் ஏராளம். ஈகோஸ்பிரின் ஏவி என்றால் ஆஸ்பிரினோடு கொழுப்பு மாத்திரை. ஈகோஸ்பிரின் கோல்டு என்றால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பு மாத்திரை மூன்றும். டெப்ளாட் ஏ என்றால் குளோபிடோக்ரெல்லும் ஆஸ்பிரினும். குளோபிடோக்ரெல்லை மட்டும் நிறுத்தச் சொன்னால், கூட்டு மாத்திரை சாப்பிடுகிறவர் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிடுவார். கொழுப்பு மாத்திரை என்று நினைத்துத் தொடர்ந்தவர் குளோபிடோக்ரெல்லோடு வந்து நிற்பார். எனவே முழு அட்டையோடு, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்காகக் கடையில் நேராக வாங்கும் டைக்ளோஃபெனாக், பூண்டு கேப்சூல், மீன் எண்ணெய், மஞ்சள் கேப்சூல், லேகியம், எல்லாம் அந்தப் பட்டியலில் வர வேண்டும். "அது மருந்து இல்லையே டாக்டர்" என்று ஒதுக்காதீர்கள்.

இனி ஊசிக்கு வருவோம். அசிட்ரோமை நிறுத்திய நாட்களில் ஹெப்பாரின் வகை ஊசியை வயிற்றுத் தோலில் போட்டு இடைவெளியை அடைப்பது ஒரு காலத்தில் எல்லோருக்கும் வழக்கமாக இருந்தது. நானும் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். 2015இல் வெளிவந்த பிரிட்ஜ் என்ற ஆய்வு அதை மாற்றியது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்த 1,884 பேரில் பாதிப் பேருக்கு ஊசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி ஊசி. கட்டி அடைத்துப் பக்கவாதம் மாதிரியான தொல்லை வந்தது ஊசி போட்டவர்களில் 0.3 சதவீதம், போடாதவர்களில் 0.4 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். பெரிய ரத்தக்கசிவு மட்டும் போடாதவர்களில் 1.3 சதவீதம், போட்டவர்களில் 3.2 சதவீதம். காப்பாற்றத்தான் போட்டோம், கசிய வைத்தோம். உங்கள் அப்பாவைப் போன்றவருக்கு இன்று ஊசி தேவைப்படுவது அபூர்வம்.

ஆனால் இங்கே ஒரு பெரிய "ஆனால்" உண்டு. அப்பாவின் இதய வால்வு எப்படி இருக்கிறது? அந்த ஆய்வில் உலோக வால்வு பொருத்தியவர்களைச் சேர்க்கவில்லை. நம் பக்கம் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து, மைட்ரல் வால்வு சுருங்கி, அதனால் துடிப்பு ஒழுங்கு கெட்டவர்கள் இன்னும் நிறைய. அவர்களுக்குக் கட்டி உருவாகும் ஆபத்து பல மடங்கு. செயற்கை வால்வு, அதுவும் மைட்ரல் இடத்தில் இருந்தால், பேச்சே வேறு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் உருவான டி.டி.கே. சித்ரா வால்வு 1990இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அதைப் பொருத்திக்கொண்டவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. அவர்கள் வாழ்நாள் முழுக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ எடுக்க வேண்டும். அவர்களில் பலருக்கு இடைவெளியில் ஊசி வேண்டியிருக்கும், அதை ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்துப் போடுவதும் உண்டு. கடந்த மூன்று மாதத்துக்குள் பக்கவாதமோ, கால் சிரையில் கட்டியோ வந்தவர்களும் இந்தப் பட்டியலில்தான். எனவே எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். இதய மருத்துவர் "என்னைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்" என்று பிடிவாதமாகச் சொன்னதற்கு இது காரணமாக இருக்கலாம். அவரிடம் "நிறுத்தலாமா" என்று கேட்காதீர்கள். "வால்வில் ஏதும் பிரச்சினை உண்டா, மூன்று இரவு விட்டால் ஊசி வேண்டுமா, வேண்டாமா" என்று கேட்டு, இரண்டு வரி எழுதி வாங்குங்கள்.

பலர் என்னிடம் கேட்பது: "மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டு உள்ளே போனதும் ஹெப்பாரின் போட்டாங்களாமே, இது என்ன கூத்து?" கூத்துதான், காரணமான கூத்து. கம்பியும் குழாயும் தமனிக்குள் கிடக்கும்போது அவற்றின் மேல் ரத்தம் உறையும். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ரத்தம் உறையாமல் இருந்தாக வேண்டும். ஹெப்பாரினை நரம்பில் போட்டவுடனே வேலை செய்யும், ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும், எவ்வளவு வேலை செய்கிறது என்று ஆஞ்சியோ செய்யும் அறையிலேயே (கேத் லேப்) சில நிமிடத்தில் அளந்து பார்க்கலாம். அவசரம் என்றால் புரோட்டமின் போட்டு உடனே அடக்கிவிடலாம். அந்தப் புரோட்டமின் மீன் விந்திலிருந்து கண்டெடுத்தது, சைவக்காரர்கள் மன்னிக்க. அசிட்ரோமிடம் இந்த வசதி எதுவும் இல்லை. அது தன் இஷ்டத்துக்கு ஏறும், தன் இஷ்டத்துக்கு இறங்கும். கடிவாளம் கையில் இருக்கிற குதிரையாகப் பார்த்து மருத்துவர் ஏறுகிறார்.

அசிட்ரோம் இல்லாமல் புது வகை மாத்திரை எடுப்பவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம். டாபிகாட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் இவற்றுக்கு ஐ.என்.ஆர். பார்ப்பதில் பயனில்லை, இடைவெளியில் ஊசியும் கிடையாது. 2019இல் வந்த பாஸ் ஆய்வில் சுமார் 3,000 பேருக்கு ஒரு எளிய விதி வைத்தார்கள். ரத்தக்கசிவு ஆபத்து குறைவான சிகிச்சைக்கு முந்தைய ஒரு நாள் முழுக்க விடுவது, ஆபத்து அதிகமான அறுவைக்கு முந்தைய இரண்டு நாள் விடுவது. டாபிகாட்ரானில் 80 சதவீதம் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் மந்தமானவர்களுக்கு அது இரண்டு நாள், நான்கு நாள் என்று இரட்டிப்பாகும். ரிவரோக்ஸபானில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. பக்கவாதத்தைத் தடுக்க 15 அல்லது 20 மி.கி., தினம் ஒரு வேளை. கால் தமனி அடைப்புக்கு, பலூனோ பைபாஸோ முடிந்த பிறகு ஆஸ்பிரினோடு சேர்த்துக் கொடுப்பது 2.5 மி.கி., தினம் இரண்டு வேளை. பெயர் ஒன்று, வேலை வேறு. ஒன்றுக்கான விதியை மற்றதற்குப் போடக் கூடாது. எனவே பெயரோடு மில்லிகிராமையும் சொல்லுங்கள்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம்கூட ஆகாதவர்கள், அதுவும் மாரடைப்புக்காக வைத்து ஒரு வருடம் ஆகாதவர்கள், குளோபிடோக்ரெல், டிக்காக்ரெலார் இவற்றில் ஒரு வேளையைக்கூடத் தாங்களாக விடக் கூடாது. அவசரமில்லாத அறுவை என்றால் அறுவையைத்தான் தள்ளிவைக்க வேண்டும். சுருள் சிரைக்கு லேசர் செய்வது, டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்த ஃபிஸ்டுலா அடைத்தால் பலூன் விடுவது போன்ற சின்ன வேலைகளுக்குப் பல இடங்களில் எதையுமே நிறுத்துவதில்லை.

ஆஞ்சியோ பார்த்துவிட்டு "பலூன் சரிப்படாது, பைபாஸ்தான்" என்று சொல்லவும் கூடும். அப்போது என் மாதிரி ஆள் உள்ளே வருவார், கணக்கு மாறும். காலுக்கு அறுவை என்றால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பது எங்களுக்குப் பிடித்த வழி. சர்க்கரை, பிரஷர், இதயக் கோளாறு உள்ளவருக்கு முழு மயக்கத்தைவிட அது பல நேரம் இதம். ஆனால் முதுகெலும்புக்குள் இருக்கும் இடம் சிறியது, சுற்றிலும் எலும்பு. அங்கே கசியும் ஒரு ஸ்பூன் ரத்தம் தண்டுவடத்தை அழுத்தினால் கால் விழுந்துவிடும். சில மணி நேரத்துக்குள் திறந்து எடுக்காவிட்டால் திரும்ப வராது. அதனால் முதுகு ஊசிக்கு ஐ.என்.ஆர். ஏறக்குறைய சாதாரண நிலைக்கு வந்திருக்க வேண்டும், தொடைக் குழாய்க்குப் போதுமான 1.8 இங்கே போதாது. குளோபிடோக்ரெல் 5 முதல் 7 நாள் முன்பே நின்றிருக்க வேண்டும். அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் முழு அளவு என்றால் 3 நாள். ஆஸ்பிரின் மட்டும் பிரச்சினையில்லை. அறுவை மருத்துவர் "குளோபிடோக்ரெல் இருந்தால் எனக்குப் பரவாயில்லை" என்பார், நான் "அப்படியென்றால் முதுகு ஊசி இல்லை, முழு மயக்கம்தான்" என்பேன். இந்தப் பேச்சு அறுவை மேசைக்குப் பக்கத்தில் நடந்து நான் கேட்டிருக்கிறேன், நடத்தியும் இருக்கிறேன். முந்தைய வாரமே நடந்திருக்க வேண்டிய பேச்சு அது.

வாட்ஸ்அப்பில் "இது எலி மருந்து" என்று அனுப்புகிறார்களாம், அப்பா கேட்டுப் பயந்தாராம். பொய்யில்லை. வார்ஃபரின் 1948இல் அமெரிக்காவில் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. அப்புறம் மனிதருக்குப் பயன்பட்டது. 1955இல் அங்கே ஜனாதிபதியாக இருந்த ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அதைத்தான் கொடுத்தார்கள். அளவுதான் எல்லாம். உப்பும் அப்படித்தான்.

நான் அதிகம் பயப்படுவது நிறுத்துவதற்கு அல்ல, நிறுத்தியதை மறந்துபோவதற்கு. சில வருடங்களுக்கு முன் எங்கள் இடத்திலேயே ஒரு பெரியவருக்குக் காலில் பலூன் செய்தோம். அழகாகத் திறந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் ஏழு மாத்திரை எழுதியிருந்தது, அசிட்ரோம் இல்லை. எழுதியவர், இதய மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தார். இதய மருத்துவரிடம் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்து. வீட்டில், "டாக்டர்தான் நிறுத்தச் சொன்னார்" என்று மிச்சமிருந்த அட்டையை அலமாரியில் வைத்துவிட்டார்கள். மூன்றாவது வாரம் பேச்சு குளறி, வலது கை விழுந்து வந்தார். கால் புண் ஆறியிருந்தது. அதற்குப் பிறகு நான் எழுதிக்கொடுக்கும் சீட்டில் மூன்று தேதி இருக்கும்: கடைசி மாத்திரை எந்த இரவு, மறுபடி முதல் மாத்திரை எந்த இரவு, அதன் பிறகு ஐ.என்.ஆர். எந்த நாள். மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் சீட்டைத் திருப்பிக்கொடுங்கள்.

அப்பாவுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்து, குத்திய இடத்தில் கசிவு இல்லை என்றால், வியாழன் இரவே அல்லது வெள்ளி இரவு அசிட்ரோமைப் பழைய அளவில் தொடங்கச் சொல்வார்கள். அது மறுபடி பிடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால் அன்றிரவே போடுவதில் பயம் குறைவு. விட்டதைப் பிடிக்கிறேன் என்று இரண்டாகப் போட வேண்டாம். அடுத்த செவ்வாய் அல்லது புதன் ஐ.என்.ஆர். பாருங்கள். பலூனுக்குப் பிறகு குளோபிடோக்ரெல் சேர்த்தால் அசிட்ரோம், ஈகோஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று மூன்றாகிவிடும். மூன்றும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து கணிசமாகக் கூடும். எத்தனை வாரம், எதை முதலில் எடுப்பது, இடையில் ஈகோஸ்பிரினை விடலாமா என்று அன்றைக்கே கேட்டு எழுதி வாங்குங்கள். வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தால் பான்டோப்ரசோலாக இருக்கட்டும், ஓமெப்ரசோல் குளோபிடோக்ரெல்லின் வேலையைக் குறைக்கும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் காத்திருக்காதீர்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதையும் சொல்லுங்கள்.

குழாயை எடுத்த பிறகு ஒருவர் இடுப்பு மடிப்பில் விரலை வைத்து 15, 20 நிமிடம் விடாமல் அழுத்துவார். பிறகு சில மணி நேரம் காலை மடக்காமல் நேராகப் படுத்திருக்க வேண்டும். சிறுநீர் வருகிறது, முதுகு வலிக்கிறது என்று அப்பா எழுந்திருக்கப் பார்ப்பார். விடாதீர்கள். இருமும்போதும் தும்மும்போதும் குத்திய இடத்தைக் கையால் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டு நனைந்தாலோ, பக்கத்தில் எலுமிச்சை அளவு வீங்கினாலோ, நர்ஸைக் கூப்பிடும் முன்பே அந்த இடத்தை அழுத்திப் பிடித்துவிடுங்கள். கட்டு உலர்ந்திருந்தும் அடிவயிறோ இடுப்புப் பக்கமோ வலித்து, வியர்த்து, பிரஷர் இறங்கினால் உள்ளே கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும், "கேஸ்" என்று யாராவது சொன்னாலும் மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். இது அபூர்வம். ஆனால் கவனித்துக் கண்டுபிடிப்பவர் பல நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான்.

புண் திடீரென்று கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வியாழக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். அசிட்ரோம் உடம்பில் இருக்கிறதே என்று வீட்டில் உட்கார வேண்டியதில்லை, அதை அங்கே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது.

கீரை கேட்டிருந்தீர்கள். முருங்கைக்கீரை, அரைக்கீரை எல்லாவற்றிலும் வைட்டமின் கே உண்டு, அது அசிட்ரோமின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையே கூடாது என்றில்லை. வாரத்தில் இரண்டு நாள் சாப்பிடுகிறவர் என்றால் அதே இரண்டு நாள், ஏறக்குறைய அதே அளவு சாப்பிடட்டும். அந்த அளவுக்குத் தகுந்த மாதிரிதானே 2 மி.கி. என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஆபரேஷன் ஆச்சே, தெம்பு வரட்டும் என்று அத்தை தினமும் முருங்கைக்கீரை சூப் கொண்டுவந்தால், அந்தச் செவ்வாய்க்கிழமை ஐ.என்.ஆர். ஏறவே ஏறாது.